சீர்த்தட்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

என் வாயால் இரண்டு மாப்பிள்ளைகள் ஓடிப்போனார்கள் என்று அம்மா சொல்வாள். ஓடவில்லை, மெதுவாகத்தான் போனார்கள். முதல் ஆள், கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போக வேண்டாம் என்றார். அப்படியென்றால் நீங்களும் போக வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டில் இருக்கலாம் என்றேன். இரண்டாவது ஆள் என் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு கேமு?" என்று கேட்டார். அதையும் என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்டார். பதிலை நான்தான் சொன்னேன். அது இங்கே எழுதும்படியாக இருக்காது.

அதனால், மூன்றாவதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாறன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நிச்சயம் முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது. கம்ப்யூட்டர், விளையாட்டு என்கிற பேச்சையே எடுக்கக் கூடாது.

"தட்ட மாத்திட்டோம்னா அப்புறம் நீ இன்னா வேணா பேசு. அது அவங்க பாடு" என்றாள்.

பெற்றவளே என்னை ஓட்டை அண்டாவைப் போல யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சத்தியம் செய்தேன். அழுதுகொண்டே கேட்டாள், என்ன செய்வது.

என் பெயர் மணிமொழி. வயது இருபத்தெட்டு. வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. அப்பாவுக்குப் பாதையோரத்தில் இளநீர்க் கடை. நான் டவுனில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, பௌர்ணமி அன்னதானம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் செய்வேன். இந்த ஊரில் பாதிப் பேரை நான்தான் சிவப்பாக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் என்னுடையது. நாங்கள் நான்கு பெண்கள், கடலூர், ஓசூர், வேலூர், அடி அண்ணாமலை. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. நெட்டில் சேர்ந்து மலைப்பாதையில் கார்ப் பந்தயம் ஓட்டுவோம். தை மாதம் மற்ற மூவரும் புதிதாக வந்த பந்தயத்துக்கு மாறினார்கள். என் கம்ப்யூட்டரில் அது திறக்கும், கார் கிளம்பும், முதல் வளைவு வருவதற்குள் படம் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்கள் மூவரும் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து அடுத்த இலையைப் பார்ப்பது போல இருக்கும்.

எனக்குத் தேவை ஒரு புது கிராபிக்ஸ் கார்டு. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற பலகை அது. அதில் வலு இல்லையென்றால் விளையாட்டு நொண்டும். ஆனால் கார்டு வாங்குவது, கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரியதைக் கை காட்டுகிற வேலை இல்லை. கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியான கேபினெட்டுக்குள் அதற்கு இடம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அதைத் தாங்க வேண்டும்.

மூன்று மாதம் பார்த்தேன். சென்னையில் ஒருவர் பன்னிரண்டு ஜிபி கார்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். பிட்காயின் எடுப்பதற்காக ராப்பகலாக ஓட்டித் தேய்த்த சரக்கு என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. விட்டுவிட்டேன். கடைசியில் இரண்டு ஃபேன் வைத்த எட்டு ஜிபி கார்டு ஒன்றில் மனசு நின்றது. நீளம் இருபத்து நான்கு சென்டிமீட்டர். என் கேபினெட்டில், முன்பக்கத்து ஹார்ட் டிஸ்க் கூண்டு போக, இருப்பது இருபத்தாறு. என் நானூற்றைம்பது வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அதற்குப் போதும். புடவைக்குக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை. ஆடியில் வாங்கலாம் என்றிருந்தபோதுதான் மாறன் வந்தார்.

பெண் பார்க்கிற அன்று அம்மா கம்ப்யூட்டரின் மேல் புது டர்க்கித் துண்டைப் போர்த்தி, அதன்மேல் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டாள். பெண்ணும் பையனும் பேசிக்கொள்ளப் பத்து நிமிஷம் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். மாறனுக்கு டவுனில் ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனை வேலை. பேசிப் பேசியே டிராக்டர் விற்கிறவர், மாடியில் ஐந்து நிமிஷம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"கீழ துண்டு போத்தி வெச்சிருக்கீங்களே, அது கேமிங் கம்ப்யூட்டர்ங்களா?"

"ஆமாங்க."

"இன்னா கார்டு போட்டிருக்கீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆண்பிள்ளை அவர். சத்தியம் நினைவுக்கு வந்து, "பழசுங்க, மாத்தணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டி, "மாத்தணும், மாத்தணும்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் போனில் பேசினோம். நான் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். தன் அசட்டுத்தனங்களைத் தானே சொல்லிச் சிரிப்பார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்ததும் பயம் வந்தது. முதல் இரண்டு பேர் போனபோது நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இவர் போனால் சாப்பிட முடியாது என்று தெரிந்தது. அதனால் அவர் "இன்னா கார்டு பாத்திருக்க?" என்று கேட்கும்போதெல்லாம், "இன்னும் முடிவு பண்ணலங்க" என்று பொய் சொன்னேன். "வாங்கறதுதான் வாங்கற, பெருசா வாங்கிடு" என்பார். பெரியது எதற்கு என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன். இப்படி எத்தனை வருஷம் விழுங்கப் போகிறேன் என்றும் தோன்றும்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தம். பன்னிரண்டுக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மாறன் வீட்டார் பதினோரு தட்டோடு வந்தார்கள். புடவை, பூ, பழம், வெல்லம், மஞ்சள் குங்குமம் என்று வரிசையாக வைத்தார்கள். அதில் ஒரு தட்டில் மட்டும், ஜிகினாத்தாள் சுற்றி, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்த நீளமான டப்பா இருந்தது. அதைச் சேர்த்ததில் தட்டு பத்தாகிவிட்டதாம். ஒற்றைப்படை ஆக்குவதற்காக வழியில் நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிச் சேர்த்தார்களாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் வந்ததை மூடியபடியே வாங்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சபைக்குக் காட்டுவார், சபை சரி என்றதும் பெண் கையில் கொடுப்பார். எங்களுக்குப் பெரியப்பா சகாதேவன். புடவையை விரித்துக் காட்டினார். தோடு இருந்த சிமிழைத் திறந்து காட்டினார். அடுத்து டப்பாவை எடுத்து ஜிகினாத்தாளைக் கிழித்தார்.

எதிர்வரிசையில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்த மாறன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கிராபிக்ஸ் கார்டு. மூன்று ஃபேன். டப்பாவின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் பார்த்தேன். மூன்று மாதம் படித்த படிப்பாயிற்றே, பார்த்ததும் கணக்கு வந்துவிட்டது. முப்பத்து மூன்று சென்டிமீட்டர். எழுநூற்றைம்பது வாட் கேட்கும். என் கேபினெட்டுக்குள் அது போகாது. கூண்டை அறுத்து உள்ளே திணித்தாலும் என் எஸ்.எம்.பி.எஸ். தாங்காது. அவர் நான்கு மாதச் சம்பளத்துக்குக் குறையாது அதன் விலை.

"இதுக்குள்ள இன்னாமோ மிஷினு இருக்குது. சபைக்குக் காட்டிடுவோம்" என்று பெரியப்பா வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார்.

டப்பாவில் ஒட்டியிருந்த கம்பெனி சீல் வெட்டுப்பட்டால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். வெட்டாமல் நிறுத்த வேண்டுமென்றால் நான் பேச வேண்டும். அம்மா தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையோ சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். ஒன்றும் ஆகாது. தட்டு மாறும், கல்யாணம் நடக்கும். அந்தக் கார்டு பரணில் கிடக்கும். மாறன் எப்படி ஓடுகிறது என்று கேட்பார், சூப்பராக ஓடுகிறது என்பேன். அந்தப் பொய்யை வருஷக்கணக்கில் சொல்ல என்னால் ஆகாது.

"பெரியப்பா, வெட்டாதீங்க."

என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

"ஏம்மா?"

"அது என் கம்ப்யூட்டர்ல சேராது பெரியப்பா. கடையில குடுத்து மாத்தணும்."

மாப்பிள்ளை வரிசையில் ஒரு பெண்மணி, "தட்டுல வந்தத வேணாங்குது பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பெரியப்பா பாக்குவெட்டியைக் கையில் வைத்தபடி திகைத்தார். "சீர்ல வெச்சது திரும்பிப் போவக் கூடாதும்மா. ஆவாது" என்றார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

மாறன் முகம் சுண்டிவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். போச்சு என்றுதான் நினைத்தேன். மூன்றாவது ஆளும் மெதுவாக எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்தும்விட்டார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. பெரியப்பாவிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் போனார்.

"மணி, இங்க வா. எது சேராது, காட்டு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

போனேன். துண்டை எடுத்துவிட்டு, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிக் காட்டினேன். இங்கே கூண்டு, இவ்வளவுதான் இடம், கீழே இருக்கிறதே, அதுதான் எஸ்.எம்.பி.எஸ். என்றேன். குனிந்து பார்த்தார். டப்பாவின் மேல் அச்சடித்திருந்த நீளத்தைப் படித்தார். உள்ளே விரலை விரித்து இரண்டு முறை சாண் போட்டுப் பார்த்தார். பட்டு வேட்டியில் தூசி அப்பிக்கொண்டது. பிறகு நிலைப்படியில் வந்து நின்று சபையைப் பார்த்துச் சொன்னார்.

"பொண்ணு சொல்றது கரெக்ட்டு. இது உள்ள போவாது. நான்தான் கேக்காம வாங்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

பெரியப்பாவுக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "அதெல்லாம் சரிதான் தம்பி. சீரு திரும்பற விஷயம் இன்னா ஆவறது?" என்றார். அப்போது மாறனின் அம்மா பாஞ்சாலை அத்தை, அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர், தலையைத் தூக்கினார்.

"ஏங்க, சீர்ப் பொடவைக்கு ஜாக்கெட் தெச்சி வெக்கிறோம். அளவு பத்தலன்னா தையக்காரன் கிட்ட குடுத்து மாத்துறதில்லயா? அத யாரு சீரு திரும்பிப்போச்சுங்கறாங்க? பொருளு இந்த ஊட்டுக்குத்தான் வருது. அளவு மாறி வருது, அவ்ளோதான்."

பெரியப்பா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "அளவு மாத்திக்கறதுதானே, தப்பில்ல" என்று சபைக்குச் சொன்னார். பதினொன்றே முக்காலுக்குத் தட்டு மாற்றினார்கள்.

சாப்பாடு முடிந்து, ராகு காலம் கழிந்ததும் மாறனும் நானும் ஆட்டோவில் டவுனுக்குக் கிளம்பினோம். துணைக்குப் பாஞ்சாலை அத்தை நடுவில் உட்கார்ந்துகொண்டார். குங்குமப் பொட்டு வைத்த டப்பா என் மடியில் இருந்தது. பாதி தூரம் மாறன் வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கோவங்களா?" என்றேன்.

"கோவமில்ல, வெக்கம்." தன் அம்மாவைத் தாண்டி என் பக்கம் எட்டிப் பார்த்தார். "எனக்குக் கார்டு பத்தி ஒரு மண்ணும் தெரியாது மணி. அன்னிக்கு மாடில கேட்டேனே, அந்த ஒரு கேள்வி ஷோரூம் பையன் சொல்லிக் குடுத்தது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன். அப்புறம் எப்படிக் கேக்கறது? வீடியோ பாத்தேன், தல சுத்திச்சு. இருக்கறதுலயே பெருசு எதுன்னு கேட்டு வாங்கிட்டேன்."

"ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கறவருக்கு அம்பது எச்.பி. டிராக்டர் விப்பீங்களா?"

"அவரே வந்து கேட்டா விப்பேன்."

"மனசாட்சி வேணாமா?"

"டார்கெட் இருக்குதே."

சிரித்துவிட்டேன். பிறகு, நானும் பொய் சொன்னேன், மூன்று மாதத்துக்கு முன்பே எனக்கு எந்தக் கார்டு என்று தெரியும், கேட்டபோது சொல்லியிருந்தால் இந்தக் கூத்தே வந்திருக்காது என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் ஓடிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைக்காரர் செழியன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் உடையவில்லை, பில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பணமாகத் தர முடியாது, பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். "குங்குமம் வெச்ச டப்பாவ நான் யார்ட்ட விக்கிறது?" என்று முனகினார்.

"லட்சுமி வந்த டப்பான்னு சொல்லி வில்லு" என்றார் அத்தை.

செழியன் விற்பனைக்காரர் அல்லவா, உடனே மாறன் பக்கம் திரும்பினார். "சார், எதுக்கு மாத்தறீங்க? இதையே வெச்சிக்கங்க. பெரிய கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போட்டுட்டா அஞ்சு வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்." மாறன் என்னைப் பார்த்தார். செழியன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. கார்டு கையில் இருக்கிறது, வீடு வரை வந்துவிட்டது, ஆசையாகவும் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடுகிற என் பழைய பிராசஸர் அந்தக் கார்டுக்கு ஈடு கொடுக்காது. அதையும் மாற்றினால் போர்டை மாற்ற வேண்டும், ஒன்றைத் தொட்டு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். என் திரையும் சின்னத் திரை, அதில் மூன்று ஃபேன் கார்டு வரைகிற அழகு தெரியவும் தெரியாது.

"வேணாங்க, என் பிராசஸர் ஈடு குடுக்காது. எட்டு ஜிபி, ரெண்டு ஃபேன், இருபத்தி நாலு சென்டிமீட்டர். அதக் குடுங்க. மீதிக்கு ஒரு பெரிய மானிட்டர்" என்றேன். என் குரல் இந்தத் தடவை நடுங்கவில்லை.

"பிராசஸர் ஈடு குடுக்காதுன்னா இன்னா?" என்று மாறன் கேட்டார். சொன்னேன். "அப்ப ஜிபி ஜாஸ்தி இருந்தா வேகம் ஜாஸ்தின்னு இல்லயா?" சொன்னேன். செழியன் முன்னால், மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால், வெட்கப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த கேள்விகள் போலிருக்கிறது. நானும் இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். பிறகு அவர் மானிட்டரைப் பார்க்கச் செழியனோடு உள்ளே போனார்.

அத்தையும் நானும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் தன் கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றை எடுத்தார். ஒரு ஜோடித் தங்க வளையல். பழைய வேலைப்பாடு, ஆனால் தேயாமல் புதிதாகவே இருந்தது.

"என் நிச்சயத்துல எனக்குப் போட்டது. கைக்குப் பத்தல. சோப்பு போட்டு ஏத்தி வுட்டாங்க. கழட்டும்போது தோலு உரிஞ்சிடுச்சு. அளவு சின்னதுன்னு ஒரு வார்த்த நான் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல. முப்பத்திரண்டு வருஷமா பீரோல கெடக்குது."

வளையலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னிக்கு உனக்குப் போட்டு வுடலாம்னுதான் எடுத்தாந்தேன். நீ சபையில வெட்டாதீங்கன்னு சொன்னியே, அப்பலேர்ந்து மனசு ஒரு மாதிரியா இருக்குது." என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நானே போட்டுக்கிட்டா நீ தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"அடுத்த தெருவுல நகை செய்யற பத்தர் இருக்காரு அத்த. இப்ப தெறந்திருப்பாரு. வாங்க" என்று எழுந்தேன்.

அத்தையும் எழுந்தார். இரண்டு படி இறங்கியிருப்போம். கடைக்குள்ளிருந்து மாறன் எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாஞ்சாலை அத்தை திரும்பி நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வளையலு எனக்குப் பத்தல. மாத்தணும்."